ஆறு பேருக்கு ஒரே குளியலறை: பழைய குடும்ப வீட்டில் எங்கே தொடங்குவது?

இரணியல்_கிழக்கு
ஜனவரி 6

எங்கள் குடும்ப வீடு குமரி மாவட்டத்தில், இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவில் இருக்கிறது. பாட்டா கட்டியது. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, அயினி மரத்தில் மச்சு, மேலே ஓடு. வயது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். பெரிய வீட்டுச் சுவரில் இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. பிரச்சினை எல்லாம் அடுக்களைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் குளியலறையில்தான்.

அது பாட்டா காலத்தில் இல்லை. 1982ல் அப்பா சாய்ப்பு இறக்கி, கான்கிரீட் கூரை போட்டுக் கட்டினார். எட்டடிக்கு ஐந்தடி. ஒரு ஓரம் இந்தியன் கிளாசெட், மறு ஓரம் தண்ணீர்த் தொட்டி, ஒரே ஒரு குழாய். குளிப்பதும் அங்கேதான், கக்கூஸும் அதுதான். வீட்டில் ஆறு பேர். விடுமுறைக்குத் தங்கை குடும்பம் வந்தால் பத்து.

இப்போது நிலைமை இது. கிளாசெட்டைச் சுற்றித் தரை உள்வாங்குகிறது. வெளிச்சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது, அதன் மேல்தான் 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி. அம்மாவுக்கு 79 வயது, இரண்டு முட்டியும் போய்விட்டன. கிளாசெட் மேல் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் சமாளிக்கிறார். கதவு அகலம் இரண்டடி. கைப்பிடித்துக் கூட்டிப்போக இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது.

வந்து பார்த்த கொத்தனார், "பழைய தரை மேலேயே டைல்ஸ் ஒட்டி, கிளாசெட்டை மட்டும் மாற்றித் தருகிறேன்" என்றார். ஷார்ஜாவில் இருக்கும் அண்ணன், "எல்லாவற்றையும் இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டு" என்கிறார். பெரிய வீட்டில் கைவைக்க எனக்கு மனமில்லை, அது முடிவு. குளியலறையை என்ன செய்யலாம், வேலை நடக்கும்போது ஆறு பேரும் எங்கே போவது, எந்த மாதம் தொடங்கலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கொத்தன்மகன் (திங்கள்சந்தை)

அண்ணாச்சி, தரை மேல் டைல்ஸ் என்ற பேச்சே வேண்டாம். கிளாசெட்டைச் சுற்றித் தரை உள்வாங்குகிறது என்றால் கிளாசெட்டுக்கும் அதன் கீழே இருக்கும் டிராப்புக்கும் (தண்ணீர் நிற்கும் வளைகுழாய்) நடுவில் உள்ள இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. அந்தக் காலத்தில் சிமெண்ட் கலவையை வைத்துத்தான் அடைப்பார்கள், அது வெடிக்கும். ஊற்றுகிற ஒவ்வொரு வாளித் தண்ணீரும் கொஞ்சம் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது. மேலே எவ்வளவு நல்ல டைல்ஸ் போட்டாலும் அடியில் பொந்து அப்படியேதான் இருக்கும். ஒருநாள் ஆளோடு இறங்கும்.

டைல்ஸ், தரை, அடிமண் எல்லாம் எடுத்து, மண்ணை இடித்து இறுக்கி, கான்கிரீட் போட்டுத்தான் மேலே வரவேண்டும்.

---

வடசேரி_அக்கா

தம்பி, நீங்கள் இரண்டாவதாகக் கேட்டதை முதலில் கேட்டிருக்கவேண்டும். எங்கே போவது என்பதைத் தீர்க்காமல் ஒரு செங்கலைக்கூட அசைக்காதீர்கள்.

எங்கள் மாமியார் வீட்டிலும் இதே கதை. "பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், கொஞ்சநாள்தானே" என்று ஆண்கள் எளிதாகச் சொல்லிவிட்டார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பெண்பிள்ளை பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட முடியுமா? மாதவிலக்கு நாளில்? வயதானவர்களுக்கு இரவில் மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருக்கும். கடைசியில் என்ன ஆகும் தெரியுமா? வீட்டுப் பெண்கள் சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது. நாத்தனாருக்கு மூத்திரக் கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதாயிற்று. கொத்தனார் சொன்ன நாளில் எந்த வேலையும் முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

அதனால் பழையதை இடிக்கும் முன் இரண்டாவதாக ஒன்றைக் கட்டுங்கள். நாலடிக்கு நாலடி போதும். ஒரு கிளாசெட், ஒரு குழாய், கதவு, விளக்கு. அது தற்காலிகம் இல்லை, எப்போதைக்குமானது. பத்துப் பேர் வருகிற வீட்டுக்கு ஒன்று எப்படிப் போதும்? குளிப்பதற்கு வேண்டுமானால் கிணற்றடியில் நான்கு கம்பு நட்டு ஓலை கட்டி மறைக்கலாம். கக்கூஸுக்கு அந்தச் சமாளிப்பு ஆகாது.

---

இரணியல்_கிழக்கு

அக்கா, நீங்கள் சொன்னதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனைவி, "இவ்வளவு நாளாக நான் சொன்னதும் இதுதான்" என்றாள். இரண்டாவது ஒன்று கட்டுவதாகவே வைத்துக்கொள்வோம்.

இடம் இருக்கிறது. அடுக்களைக்குக் கிழக்கே, கிணற்றுக்குப் போகும் வழியில் காலி மண். பழைய குழியும் அந்தப் பக்கம்தான், அதிலேயே புதுக் கக்கூஸின் பைப்பையும் சேர்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். குழி என்றால் உறை இறக்கியது, ஐந்தாறு உறை இருக்கும். இதுவரை ஒருதடவைகூட நிறைந்ததில்லை. கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் ஏழு மீட்டர் இருக்கும். குடிக்கிற தண்ணீர் அந்தக் கிணறுதான்.

---

மார்த்தாண்டம்_சிவில்

கொஞ்சம் நில்லுங்கள். டைல்ஸ், கதவு எல்லாவற்றையும் ஓரமாக வைப்போம். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய மூன்று வரிதான் இந்த வீட்டின் உண்மையான பிரச்சினை.

குழி 1982லிருந்து நிறையவில்லை என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நிறையாத குழி என்றால் அதிலுள்ள கழிவுநீர் முழுவதும் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உறை இறக்கிய குழி செப்டிக் டேங்க் கிடையாது. செப்டிக் டேங்க் என்பது அடியும் பக்கமும் பூசி அடைத்த, அறை பிரித்த தொட்டி. திடக்கழிவு அடியில் தங்கும், மேலே தெளிந்த நீர் மட்டும் வெளியேறி உறிஞ்சுகுழிக்குப் போகும். அந்த நீரிலும் கிருமி இருக்கும். அதனால்தான் இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 2470, உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், குடியிருக்கும் கட்டடத்திலிருந்து 6 மீட்டர் தள்ளி இருக்கவேண்டும் என்கிறது. உங்களிடம் இருப்பது 7 மீட்டர், அதுவும் தொட்டியே இல்லாத நேரடிக் குழி.

நம் கல்குளம், விளவங்கோடு பக்கத்து மண்ணையும் சேர்த்துப் பாருங்கள். வெட்டுக்கல் வெட்டும்போது மென்மையாக இருக்கும், காற்றுபட்டால் இறுகும், ஆனால் உள்ளே முழுவதும் துளை. தண்ணீர் அதில் வேகமாக ஓடும். மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் மேலே ஏறும்போது குழியின் அடியும் அதே தண்ணீரில்தான் நிற்கும். கோடையில் எட்டிப் பார்த்து "தண்ணீர் ஆழத்தில்தானே இருக்கிறது" என்று நினைக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் எந்தப் படி வரை ஏறும் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

முதல் வேலை தண்ணீர்ப் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகம் நாகர்கோவிலில் இருக்கிறது. கிருமிப் பரிசோதனைக்குச் சுத்தம் செய்த பாட்டிலை அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுத் தண்ணீர் பாட்டிலில் எடுத்துப்போனால் முடிவு சரியாக வராது. எடுத்த தண்ணீரைக் குளிர்ச்சியாக வைத்து அன்றைக்கே கொடுங்கள். இரண்டைப் பாருங்கள். மலக்கழிவு கலந்திருப்பதைக் காட்டும் கிருமியான ஈ.கோலை 100 மில்லி தண்ணீரில் ஒன்றுகூட இருக்கக்கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கிருமி கொதிக்கவைத்தால் சாகும். நைட்ரேட் கொதிக்கவைத்தாலும் போகாது.

---

தோவாளைப்_பாட்டா

எங்கள் காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படித்தான் இருந்தது, யாருக்கு என்ன ஆயிற்று? கிணற்றில் சுண்ணாம்பு போடுவோம், ஆண்டுக்கொருதரம் தூர் வாருவோம். இத்தனை வருடம் குடித்த தண்ணீரை ஒரு காகிதத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்லமுடியுமா?

இன்னொன்று. வயதானவர்களுக்கு வெஸ்டர்ன்தான் நல்லது என்று எல்லோரும் கிளம்பிவிடுவீர்கள். குந்தி உட்கார்ந்தால்தான் வயிறு சுத்தமாகும். எனக்கு 81. இன்னும் இந்தியன்தான்.

---

மார்த்தாண்டம்_சிவில்

ஐயா, உங்கள் காலத்தில் அந்தக் குழிகள் ஊரில் எத்தனை வீட்டில் இருந்தன? பெரும்பாலோர் விளைக்கு, அதாவது தோப்புப் பக்கம், போனார்கள். இப்போது ஐந்து சென்ட், பத்து சென்ட் வீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் ஒரு கிணறு, ஒரு குழி. உங்கள் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டுக் குழி எவ்வளவு தூரம் என்பதையும் அளக்கவேண்டிய காலம் இது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்லமுடியாது. பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றோட்டம் வந்தது, மஞ்சள்காமாலை வந்தது, ஆனால் யாரும் கிணற்றைச் சந்தேகப்படவில்லை.

தூர் வாரும் வழக்கம் நல்லது, விடவேண்டாம். சுண்ணாம்போடு நிறுத்தாமல் பிளீச்சிங் பவுடர் போடுங்கள். 1000 லிட்டர் தண்ணீருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர், கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரை மட்டும் வாளியில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்கவேண்டும். ஒரு மணி நேரம் கழித்துத்தான் இறைக்கவேண்டும். ஆனால் கழிவு வந்துகொண்டே இருக்கும்போது இது தீர்வாகாது.

---

நாகர்கோவில்_பிசியோ

பாட்டாவுக்கு 81 வயதில் குந்தி எழ முடிகிறது என்றால் அது நல்ல விஷயம், அவர் மாற்றவேண்டியதில்லை. ஆனால் இந்த அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. குந்துவது அவரைப் பொறுத்தவரை முடிந்துபோன விஷயம். ஈரத் தரையில் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. என்னிடம் இடுப்பெலும்பு முறிந்து வருகிற வயதானவர்களில் நிறையப் பேர் குளியலறையில் விழுந்தவர்கள். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கிளாசெட் உட்காரும் உயரம் சாதாரணமாக 16 அங்குலம் வரும். முட்டி வலிக்காரர்களுக்கு 18 அங்குலம் வேண்டும். அந்த உயரத்தில் கிடைக்காவிட்டால் கிளாசெட்டுக்கு அடியில் இரண்டு அங்குலம் பீடம் கட்டச் சொல்லுங்கள். அம்மாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, எந்த உயரத்திலிருந்து கை ஊன்றாமல் எழுகிறார் என்று பார்த்து முடிவு செய்வது இன்னும் நல்லது.

பிடிகம்பி கட்டாயம். உட்கார்ந்தால் கை இயல்பாகப் போகிற பக்கத்தில் ஒன்று, குளிக்கிற இடத்தில் செங்குத்தாக ஒன்று. துண்டு போடும் கம்பியைப் பிடிகம்பியாக நம்பவேண்டாம், ஆள் பாரத்துக்குப் பிடுங்கிக்கொண்டு வரும்.

கதவு மூன்றடி. வெளிப்பக்கமாகத் திறக்கவேண்டும். உள்ளே யாராவது விழுந்து கதவில் சாய்ந்து கிடந்தால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாளும் அவசரத்துக்கு வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். நிலைப்படி வைக்காதீர்கள். தண்ணீர் வெளியே வரக்கூடாது என்று நம் ஊரில் மூன்று அங்குலம் படி வைப்பார்கள், அதில்தான் கால் தடுக்கும். தரையின் சரிவைச் சரியாகக் கொடுத்தால் படியே தேவையில்லை. குளிக்க ஒரு நல்ல ஸ்டூல், கைக்கு எட்டும் உயரத்தில் கைக்குழாய். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவில் எரிகிற சின்ன விளக்கு.

அம்மாவைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். அவர் எந்தக் கையை ஊன்றி எழுகிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

---

கொத்தன்மகன்

பிசியோ அக்கா பிடிகம்பி என்றதும் ஒன்று சொல்லவேண்டும். வெட்டுக்கல் சுவரில் சாதாரண ஆங்கர் போல்ட் நிற்காது. துளை போடும்போதே கல் பொடியும். போட்ட அன்றைக்குக் கெட்டியாகத் தெரியும், ஆறு மாதத்தில் ஆடும். பிடிகம்பி வரும் இடத்தில் கல்லைக் கொஞ்சம் குடைந்து எடுத்து, போல்ட்டை வைத்துக் கான்கிரீட் போட்டு நிரப்பவேண்டும். அல்லது தரையிலிருந்தே எழும்பும் கம்பியாகப் போடலாம்.

பைப்புக்காகப் பெரிய வீட்டுச் சுவரைக் கட்டரால் நீளமாக வெட்டவிடாதீர்கள். சுண்ணாம்புக் கட்டுமானத்தில் அதிர்வு கொடுத்தால் கல்லுக்குக் கல் பிடி விடும். அதற்கு வழி, உள்பக்கம் நாலு அங்குலச் செங்கல் சுவர் ஒன்றை ஒட்டி எழுப்புவது. பைப், வயர் எல்லாம் அதற்குள் போகட்டும். டைல்ஸும் அதில்தான் ஒட்டும். சுண்ணாம்புக் காரை மேல் டைல்ஸ் ஒட்டினால் காரையோடு சேர்ந்து கழன்றுவரும், இதை நிறைய வீட்டில் பார்த்தாயிற்று.

இடிக்கும்போதும் பிரேக்கர் மெஷின் வேண்டாம். சாய்ப்பு பெரிய சுவரோடு சேரும் இடத்தைக் கை உளியால்தான் பிரிக்கவேண்டும்.

---

தோவாளைப்_பாட்டா

இது சரி. அந்த உப்புப் பூத்த வெளிச்சுவரைப் பற்றியும் சொல். சிமெண்ட் பூசியிருப்பார்கள், அதனால்தான் அது அப்படி ஆகிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே இழுக்கும், வெயிலில் வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசிவிட்டால் ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே நின்று உப்பைத் தள்ளும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பார், அந்தக் கறுத்த தரை இன்றைக்கும் முகம் தெரிகிற மாதிரிதானே இருக்கிறது? சிமெண்ட் பார்க்காத காலத்து வேலை அது.

---

மார்த்தாண்டம்_சிவில்

பாட்டா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை, வெளிச்சுவருக்கு. சிமெண்டைத் தட்டி எடுத்துவிட்டு, முதலில் ஈரம் வரும் வழியை அடைத்து, சுவர் நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்புப் பூச்சே கொடுங்கள். இதில் அவசரம் கூடாது. உள்ளே, தண்ணீர் தினமும் விழும் இடத்துக்கு மட்டும் கொத்தன்மகன் சொன்ன தனிச் செங்கல் சுவர், அதில் நீர்த்தடுப்புப் பூச்சு.

கூரை பற்றி ஒருவரும் பேசவில்லை. கம்பி தெரிகிற கான்கிரீட் மேல் 1000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன் பாரம். இரும்பு துருப்பிடித்தால் இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதுதான் காரையைக் கீழே தள்ளுகிறது. மேலே பூசி மறைத்தால் துரு நிற்காது. இன்றைக்கே தொட்டியைக் காலி செய்து இறக்குங்கள், வேலை எப்போது தொடங்கினாலும் சரி. தொட்டிக்குத் தனியாகத் தூண் எழுப்பி மேடை போடுங்கள், பெரிய வீட்டுச் சுவர் மேலும் வைக்காதீர்கள்.

அந்த கான்கிரீட்டை எடுத்துவிட்டு மறுபடி ஓடே போடலாம் என்பது என் கருத்து. பெரிய வீட்டோடு சேரும், பாரம் குறையும், ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவில் வலை அடித்த இடைவெளி விட்டால் காற்றும் வரும்.

---

கொத்தன்மகன்

ஓடு வேண்டாம் என்பேன். மரநாயும் எலியும் இறங்கும், மழைச்சாரல் அடிக்கும். மெல்லிய புதுக் கான்கிரீட்டே நல்லது.

---

இரணியல்_கிழக்கு

தொட்டியை இன்று காலை இறக்கிவிட்டோம். இப்போதைக்குக் கிணற்றடியில் ஒரு மேடையில் நிற்கிறது. ஓடா கான்கிரீட்டா என்பதை அம்மாவிடம் விட்டேன், ஓடுதான் என்கிறார். அடியில் மர வலைச்சட்டம் அடித்துக்கொள்வோம்.

---

பூதப்பாண்டி_ஷார்ஜா

மக்கா, கட்டடம் தெரிந்தவர்கள் நிறையப் பேசிவிட்டார்கள். நான் வேறு ஒன்று கேட்கிறேன். வீடு யார் பெயரில் இருக்கிறது? பாகம் பிரித்தாயிற்றா? நம் பக்கத்தில் குடும்ப வீடு இளையவனுக்கு என்பது வழக்கம், ஆனால் வழக்கம் பத்திரமாகாது. நீ பணம் போட்டுக் கட்டிவிட்டு நாளைக்கு அண்ணன், தங்கை பங்கு கேட்டால் மனக்கசப்பு வரும். அண்ணனுடைய "இடித்துக் கட்டு" என்ற பேச்சுக்கும் அடியில் இதுதான் இருக்கக்கூடும்.

---

இரணியல்_கிழக்கு

சரியாகப் பிடித்தீர்கள். அப்பா பெயரில்தான் இருக்கிறது. மூன்று பேரும் போனில் பேசினோம். செலவை நான் செய்வது, பாகம் பிரிக்கும்போது இந்தத் தொகையை என் வரவில் வைப்பது என்று எழுதி மூன்று பேரும் கையெழுத்துப் போடுகிறோம். பில் எல்லாவற்றையும் வைத்திருப்பேன். அண்ணன் பிடிகம்பியையும் கிளாசெட்டையும் தன் கணக்கில் வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டார், அம்மாவுக்கு என்பதால்.

---

குளச்சல்_பைப்

பிளம்பிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இருபது வருடமாக இந்த வேலை.

கிளாசெட் வாங்கும் முன் எஸ் டிராப்பா பி டிராப்பா என்று முடிவு செய்யுங்கள். எஸ் டிராப்பில் கழிவு தரைக்குள் இறங்கும், பி டிராப்பில் சுவர் வழியாக வெளியே போகும். தரைமட்டத்தில் இருக்கிற, பின்னால் காலி மண் உள்ள உங்கள் வீட்டுக்கு பி டிராப்தான் நல்லது. நாளைக்கு அடைத்தாலும் ஒழுகினாலும் வெளியில் நின்று சரிசெய்யலாம், தரையை உடைக்கவேண்டாம்.

கக்கூஸ் பைப் 110 மில்லிமீட்டர். திருப்பம் வருகிற ஒவ்வொரு இடத்திலும் மூடி திறக்கிற சேம்பர் கட்டுங்கள். குளிக்கிற தண்ணீரையும் சோப்புத் தண்ணீரையும் செப்டிக் டேங்கில் விடாதீர்கள், தொட்டி சரியாக வேலை செய்யாது. தனிப் பைப்பில் எடுத்துத் தென்னை, வாழைப் பக்கம் விடலாம், ஆனால் கிணற்றுப் பக்கம் ஓடக்கூடாது. டேங்கின் காற்றுக்குழாய் உச்சியில் கொசுவலை கட்டுங்கள். ஊரில் பாதிக் கொசு அங்கிருந்துதான் வருகிறது.

வெந்நீருக்கு சி.பி.வி.சி. பைப், குளிர்நீருக்கு யு.பி.வி.சி. போதும். கீசர் போடுவதானால் எலக்ட்ரீஷியனிடம் முதலில் எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் எர்த் கம்பியே இருக்காது, இருந்தாலும் எங்கோ அறுந்திருக்கும். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். ஈரக்கையோடு நிற்கிற இடம் அது.

தரைக்கு நீர்த்தடுப்புப் பூசியதும் உடனே டைல்ஸ் போடவிடாதீர்கள். வடிகாலை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரமாவது வையுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து வையுங்கள். சுவரின் வெளிப்பக்கம் ஈரம் வருகிறதா என்று பாருங்கள். கொத்தனார் அவசரப்படுவார், கேட்காதீர்கள். சரிவு மீட்டருக்கு 10 முதல் 15 மில்லிமீட்டர். தரை டைல்ஸ் சொரசொரப்பானதாக, சின்ன அளவில் இருந்தால் சரிவும் நன்றாக வரும், காலும் பிடிக்கும்.

---

வடசேரி_அக்கா

மாதம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லையே. நமக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்கு தொடங்கும், அக்டோபரிலிருந்து வடகிழக்கு. நடுவில் கிடைக்கிற ஆகஸ்ட், செப்டம்பரை நம்பமுடியாது. தை பிறந்ததும் மண்வேலை தொடங்கிவிட்டால் பங்குனி, சித்திரை வெயிலில் சுவர் காயும். கிணற்றில் தண்ணீர் குறையும் முன் கான்கிரீட் வேலையை முடித்துவிடுங்கள், நனைக்கத் தண்ணீர் வேண்டும். நல்ல கொத்தனார்கள் பலர் தினமும் திருவனந்தபுரம் பக்கம் போய்விடுகிறார்கள், அங்கே கூலி அதிகம். ஆளை இப்போதே பேசி வையுங்கள், நடுவில் விட்டுப் போகமாட்டேன் என்ற வாக்கோடு.

---

இரணியல்_கிழக்கு
மே 19

எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது, நடந்ததைச் சொல்கிறேன்.

தண்ணீர்ப் பரிசோதனையில் ஈ.கோலை இருந்தது. நைட்ரேட் அளவுக்குள்தான் இருந்தது. அம்மா அந்தக் காகிதத்தை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். அன்றிலிருந்து குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீர், அதையும் கொதிக்கவைத்து. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் டைல்ஸ் நிறத்தைப் பற்றிப் பேசவில்லை.

குழியைத்தான் முதலில் எடுத்தோம். மேற்கே, வீட்டுக்கு அந்தப் பக்கம், நிலம் சரிகிற இடத்தில் செப்டிக் டேங்க். பத்துப் பேர் கணக்குக்கு 2 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம், 1.4 மீட்டர் நீர் ஆழம். அதற்கும் அப்பால் உறிஞ்சுகுழி. எங்கள் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தாராளமாகக் கிடைத்தது. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் கயிறு பிடித்து அளந்தோம், அதற்காக உறிஞ்சுகுழியை முதலில் குறித்த இடத்திலிருந்து தெற்கே தள்ளவேண்டியிருந்தது.

பழைய குழி விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். உறையைத் திறந்ததும், "நான் இறங்கி வாரிவிடுகிறேன்" என்று ஒருவர் தானாகவே முன்வந்தார். விடவில்லை. அந்த வாயுவில் இரண்டு மூச்சில் ஆள் சாய்ந்துவிடும், தூக்கப்போகிறவரும் சாய்வார். 2013ம் வருடச் சட்டப்படி பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கி இந்த வேலை செய்யவைப்பது குற்றமும்கூட. உறிஞ்சும் லாரியை வரவழைத்து எடுத்தோம். பிறகு நீற்றாத சுண்ணாம்பு போட்டு, மேலே மண் நிரப்பி மூடினோம்.

அடுத்து கிழக்கே சின்னக் கக்கூஸ், நாலடிக்கு ஐந்தடி, இந்தியன். அது பயன்பாட்டுக்கு வந்தபிறகுதான் பழைய குளியலறையில் உளி வைத்தோம். வடசேரி அக்காவுக்கு என் மனைவி தனியாக நன்றி சொல்லச் சொன்னாள். அம்மாவுக்கு மட்டும் அந்த நாட்களில் அறைக்குள்ளேயே கமோட் நாற்காலி வைத்தோம். முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, கூச்சம். தங்கை வந்து கூட இருந்தபிறகு சரியாயிற்று.

தரையை உடைத்தபோது கொத்தன்மகன் சொன்னதுதான் இருந்தது. கிளாசெட்டுக்கு அடியில் ஒரு ஆள் கை முழுவதும் போகிற பொந்து. பொந்துக்குள் பெரிய வீட்டு அஸ்திவாரத்தின் ஓரக்கல் தெரிந்தது. இன்னும் சில வருடம் விட்டிருந்தால் பெரிய சுவரே இறங்கியிருக்கும். அதைச் சுற்றிக் கல் அடுக்கிச் சுண்ணாம்புக் கலவை கொடுத்துப் பலப்படுத்தினோம்.

செலவில் பெரும்பங்கு மண்ணுக்கு அடியில்தான் போயிற்று. கண்ணுக்குத் தெரிகிற டைல்ஸ், குழாய் எல்லாம் சாதாரண வகைதான். மூன்றடிக் கதவு, வெளியே திறக்கிறது. படி கிடையாது. பிடிகம்பி இரண்டு. வலப்பக்கம் வைக்க இருந்தோம், அம்மா இடக்கையைத்தான் ஊன்றுகிறார் என்பது கேட்டபிறகுதான் தெரிந்தது. பிசியோ அக்கா சொல்லியிருக்காவிட்டால் கம்பி தப்பான பக்கம் போயிருக்கும். இப்போது தனியாகப் போய் வருகிறார்.

வெளிச்சுவர் இன்னும் காய்கிறது. சுண்ணாம்புப் பூச்சு அடுத்த தை மாதம்தான். கிணறு தூர் வாரி, பிளீச்சிங் போட்டாயிற்று. ஐப்பசி மழைக்குப் பிறகு மறுபடி பரிசோதித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். அதுவரை அந்தத் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் மட்டும்.

---

தோவாளைப்_பாட்டா

நல்லது. நானும் என் கிணற்றுத் தண்ணீரைக் கொடுத்துப் பார்க்கப்போகிறேன். அந்த பாட்டில் எங்கே வாங்கவேண்டும் என்றாய்?

---

மார்த்தாண்டம்_சிவில்

ஆய்வகத்திலேயே கொடுப்பார்கள் ஐயா. காலையிலேயே போய் வாங்கி, தண்ணீர் எடுத்ததும் அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

---

முட்டம்_கடற்கரை

இழையை முழுவதும் வாசித்தேன். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். மூன்றடி தோண்டினாலே தண்ணீர் வரும். செப்டிக் டேங்க் எப்படிக் கட்டுவது? பிடிகம்பி, குழாய் எல்லாம் ஒரே வருடத்தில் துருப்பிடிக்கிறது.

---

குளச்சல்_பைப்

தம்பி, உங்கள் மண்ணில் குழி தோண்டவே வேண்டாம். டேங்கைப் பாதி தரைக்கு மேல் எழுப்பிக் கட்டுங்கள், கக்கூஸ் தரையையும் அதற்கேற்ப உயர்த்தவேண்டும். அம்மா, அப்பா யாராவது வயதானவர்கள் இருந்தால் படிக்குப் பதில் சாய்தளம் போடுங்கள். உறிஞ்சுகுழிக்குப் பதில் தரைக்கு மேல் மண்ணும் ஜல்லியும் கொட்டி மேடு எழுப்பி அதில் விடலாம், அளவை சிவில் அண்ணன் சொல்லட்டும். கம்பிக்கு 304 எவர்சில்வர் கடற்காற்றில் புள்ளி விழும், 316 என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடுதல்தான். குழாய்க்கு நல்ல பிளாஸ்டிக்கே போதும். வீட்டில் எத்தனை பேர், மழைக்காலத்தில் தண்ணீர் எவ்வளவு மேலே வருகிறது, இரண்டையும் எழுதுங்கள்.